கேன்சர் சரியாச்சு, சோறு இறங்கலையே... வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பிறகு விழுங்கும் பயிற்சி ஏன் முக்கியம்?

வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஊர்ப்பக்கம் 'கரண்ட்' என்று சொல்லும் ரேடியேஷனும் முடிந்துவிட்டது. ஸ்கேனில் கட்டி இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. அரைத் தட்டு சாதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. 'உயிர் பிழைச்சதே பெருசு, இதெல்லாம் சகிச்சுக்கணும்' என்று வீட்டில் உள்ளவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. இதற்கென்று தனியாக ஒரு சிகிச்சை இருக்கிறது. விழுங்கும் மறுவாழ்வுப் பயிற்சி என்று அதற்குப் பெயர். புதுச்சேரி பாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டு போன்ற கடலோர கிராமங்களில் இருந்து சிகிச்சைக்குப் போய் வருபவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தெரிய வரும்போது பெரும்பாலும் மாதங்கள் ஓடிப்போயிருக்கும். இந்த சிகிச்சையில் தாமதம்தான் பெரிய இழப்பு.

இந்தியாவில் எவ்வளவு பேரின் பிரச்னை இது? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உதடு மற்றும் வாய்ப் புற்றுநோயால் மட்டும் ஆண்டுக்கு 1.4 லட்சத்துக்கும் அதிகமானோர் இங்கே புதிதாகப் பாதிக்கப்படுகின்றனர். தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை பாக்கோடு புகையிலை, உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம், பீடி, சாராயம் என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. 'நான் புகையிலை போடறதில்ல, பாக்கு மட்டும்தான்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள்...

விழுங்குவதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. எச்சிலையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை விழுங்குகிறோம். சுமார் 30 ஜோடி தசைகளும், மூளையில் இருந்து நேராக வரும் குறைந்தது 5 ஜோடி நரம்புகளும் ஒன்று சேர்ந்து செய்யும் வேலை அது.

முதலில் பல் அரைக்கிறது, எச்சில் குழைக்கிறது, நாக்கு அதை உருண்டையாக்கிப் பின்னால் தள்ளுகிறது. அதற்கு அடுத்த ஒரு நொடிதான் முக்கியம். மூக்குக்குப் போகும் வழியை அண்ணம் அடைக்கிறது. குரல்வளை மேலே எழும்புகிறது. அதன் மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அதே கணத்தில் உணவுக்குழாயின் வாசல் திறந்து உருண்டை உள்ளே போகிறது. காற்றுக்கும் சோற்றுக்கும் தொண்டையில் ஒரே வழி என்பதால்தான் இவ்வளவு ஏற்பாடு. இதில் ஒன்று அரை நொடி தாமதித்தாலும் சோறு போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

(விழுங்கும்போது தொண்டையில் விரலை லேசாக வைத்துப் பார்த்தால் குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். கீழே சொல்லும் பயிற்சிகளில் பாதி, இந்த ஏற்றத்தைக் காப்பாற்றுவதற்குத்தான்.)

ஆபரேஷனும் கரண்டும் என்ன செய்கின்றன?

நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ சதையை எடுத்து வைத்துத் தைப்பது வழக்கம். ஓட்டை அடைபடும், காயம் ஆறும். ஆனால் அந்தச் சதை நாக்கு மாதிரி அசையாது. சூடு, குளிர், சோற்றுப் பருக்கை எதுவும் அதில் பெரும்பாலும் உறைக்காது. தாடை எலும்பை எடுத்தவர்களுக்கு மெல்லும் பலம் போகும். மேல் அண்ணத்தை எடுத்தவர்களுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். அதற்குப் பல் மருத்துவர்கள் அச்செடுத்து ஒரு அடைப்பான் செய்து தருவார்கள்.

ரேடியேஷன் வேறு மாதிரி. வழக்கமாக வாரம் 5 நாள், 6 அல்லது 7 வாரம், மொத்தம் 60 முதல் 70 கிரே அளவில் கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிர் படும் பாதையில் இருந்தால் எச்சில் வற்றும். சாதாரணமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரப்பது, சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குறைந்துவிடும். ருசியும் போகும். உப்பா, புளிப்பா தெரியாது, எல்லாமே மண் மாதிரி இருக்கிறது என்பார்கள்.

புண் ஆறும். ருசி பலருக்கு மாதக் கணக்கில் மெல்லத் திரும்பும். பிரச்னை அதற்குப் பிறகு வருவது. கதிர் பட்ட தசைகள் நாளாக நாளாக நார் மாதிரி இறுகும். கழுத்து இறுகும், தாடை பூட்டிக்கொள்ளும். மூன்று விரலைச் செங்குத்தாக வாயில் வைக்க முடிந்தால் வாய் திறப்பு சரி. 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பாக்குப் பழக்கத்தால் ஏற்கெனவே கன்னம் இறுகிப்போய் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இது இரட்டை அடி.

இந்த இறுக்கம் சிகிச்சை முடிந்த மாதத்தோடு நிற்பதில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துக்கூட விழுங்குவது சிரமமாகலாம். ஆனால் புதிதாக விழுங்கச் சிரமம் வந்தால் 'இது பழைய கரண்ட் வேலை' என்று வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. கட்டி திரும்பி வந்திருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று விடலாமா?

நம் வீடுகளில் புரையேறினால் தலையில் தட்டி, 'யாரோ நினைக்கிறாங்க' என்று சொல்வது வழக்கம். தொண்டைப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர் விஷயத்தில் இந்தப் பேச்சு ஆபத்தில் கொண்டுபோய் விடும். புரையேறுவது என்றால் சோறோ தண்ணீரோ மூச்சுக்குழாய் வாசலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இருமல் வருவது உடம்பு அதை வெளியே தள்ளப் பார்ப்பது.

அதைவிட மோசமானது இருமலே வராமல் இருப்பது. கதிர் பட்ட தொண்டையில் உணர்ச்சி மங்கிவிடுவதால், தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கினாலும் சிலருக்கு இருமல் வராது. பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுபவருக்கும் தெரியாது. வாயில் உள்ள கிருமிகளோடு சேர்ந்து அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. சிகிச்சை முடிந்து, கட்டியும் இல்லாத ஒருவர் உயிரை இது பறிக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. சாப்பிட்டதும் குரல் 'களகள' என்று தண்ணீர் சேர்ந்த மாதிரி மாறுவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவது, உடம்பு இளைத்துக்கொண்டே போவது, ஒரு வேளைச் சாப்பாடு அரை மணியைத் தாண்டி இழுப்பது, முன்பு சாப்பிட்டதை 'இது வேணாம், அது வேணாம்' என்று ஒவ்வொன்றாக ஒதுக்குவது. கடைசியாகச் சொன்னதை வீட்டில் பலர் அடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது பயம்.

இருமலே இல்லாமல் உள்ளே போகிறது என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பரிசோதனைகள் உள்ளன. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, சாப்பிடும்போது தொண்டையைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மயக்க மருந்து தேவையில்லை.

என்னென்ன பயிற்சிகள்?

பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை நிபுணர்கள்தான் இதைச் சொல்லித் தருவார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றதும் திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைகளுக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதும் அவர்கள் படிப்பில் ஒரு பெரிய பகுதி.

வாயில் எதுவும் இல்லாமல் எச்சிலை மட்டும் முழு பலத்தோடு, பெரிய மாத்திரையை முழுங்குகிற மாதிரி அழுத்தி விழுங்குவது ஒரு பயிற்சி. விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை இரண்டு மூன்று நொடி அங்கேயே பிடித்து வைத்துப் பிறகு விடுவது இன்னொன்று. இதற்கு மெண்டல்சன் முறை என்று பெயர். நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் லேசாகப் பிடித்துக்கொண்டு விழுங்குவது மசாகோ பயிற்சி. இதை எச்சிலோடு மட்டும்தான் செய்ய வேண்டும், வாயில் சோறோ தண்ணீரோ இருக்கும்போது செய்தால் புரையேறும்.

தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது ஷேக்கர் பயிற்சி. ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும், ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை. பிறகு நிறுத்தாமல் 30 முறை தூக்கி இறக்க வேண்டும். உணவுக்குழாய் வாசலைத் திறக்க உதவும் தசைகளுக்கு இது பலம் தரும். கழுத்தில் துளை உள்ளவர்களும் கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் கேட்காமல் செய்யக்கூடாது.

தாடைக்கு ரொம்ப எளிய வழி ஒன்று பல ஆஸ்பத்திரிகளில் சொல்லித் தரப்படுகிறது. ஐஸ் குச்சிகளை அடுக்கி, வலி தொடங்கும் அளவுக்குப் பல்லுக்கு இடையில் வைத்துச் சில நிமிடம் பிடிப்பது. சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்டுவது. எத்தனை குச்சி என்பதே முன்னேற்றத்தின் கணக்கு. நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டலாம்.

தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து விழுங்குவது பலருக்குப் புரையேறுவதைத் தடுக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. வாயை மூட முடியாதவருக்குக் குனிந்தால் சோறு வெளியே வரும், சிலருக்குப் புரையேறுவது அதிகமாகவும் ஆகலாம். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன முறையைப் பார்த்துச் செய்வதோ, வீடியோ பார்த்துச் செய்வதோ சரிவராது.

எப்போது தொடங்க வேண்டும்? ரேடியேஷன் தொடங்குவதற்கு முன்பே. புண் வந்து எரியும்போது புதிதாக ஒரு பயிற்சியைக் கற்றுக்கொள்வது நடக்காத காரியம். முன்பே கற்றுக்கொண்டவர் வலியோடு கொஞ்சமாவது செய்வார். பல் பார்ப்பதும் அப்படித்தான். சொத்தைப் பல்லை ரேடியேஷனுக்கு முன்பே எடுத்து, புண் ஆறவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ரேடியேஷன் முடிந்தவர் பல் வலிக்குத் தெருமுனை கிளினிக்குக்குப் போனால், 'இந்த இடத்துல கரண்ட் வச்சிருக்கு' என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா?

நேர்மையாகச் சொன்னால் ஆய்வு முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 58 நோயாளிகளிடம் நடந்து 2012ல் வெளியான ஆய்வில், ரேடியேஷன் காலத்தில் பயிற்சி செய்தவர்களின் விழுங்கும் தசைகள் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தன. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 497 தொண்டைப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013ல் வெளியான கட்டுரை, சிகிச்சை நடக்கும்போது வாய் வழியாகக் கொஞ்சமாவது சாப்பிட்டுக்கொண்டும் பயிற்சி செய்துகொண்டும் இருந்தவர்களே பின்னாளில் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று சொன்னது.

ஆனால் 2016ல் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளை, மொத்தம் 326 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பயிற்சியால் விழுங்குவது மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயிற்சியை ஒவ்வொரு அளவில் செய்தன. வலியில் பலர் பயிற்சியைப் பாதியில் விட்டார்கள் என்பதும் இதுபோன்ற ஆய்வுகளில் தொடர்ந்து வரும் சிக்கல். பயன்படுத்தாத தசை சுருங்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ரேடியேஷன் கொடுக்கும் முறையிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. விழுங்கும் தசைகள் மேல் கதிர் குறைவாகப் படும்படி திட்டமிட்டால் என்ன ஆகும் என்று பிரிட்டன், அயர்லாந்தில் 112 பேரிடம் பார்த்தார்கள். டார்ஸ் என்ற அந்த ஆய்வு 2023ல் வெளியானது. ஒரு வருடம் கழித்து விழுங்குவது பற்றிய மதிப்பெண் புது முறையில் சராசரி 77.7, வழக்கமான முறையில் 70.6. கட்டியின் மேல் படும் கதிரைக் குறைக்காமலேயே இந்த வித்தியாசம்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் தொண்டைப் புற்றுநோயாளிகள், ரேடியேஷனை முதன்மைச் சிகிச்சையாக எடுத்தவர்கள். நம் ஊரில் அதிகம் கன்னமும் நாக்கும் ஈறும். முதலில் ஆபரேஷன், பிறகுதான் ரேடியேஷன். அதனால் தொண்டைப் பயிற்சியோடு தாடை, நாக்குப் பயிற்சிக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எதைச் சாப்பிடலாம்? பழைய சோற்றில் இருக்கும் சிக்கல்

விழுங்க முடியாதவருக்குத் 'தண்ணியா ஏதாவது கொடு' என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் வரும் யோசனை. பலருக்கு அதுதான் ஆபத்து. தண்ணீர் வேகமாக ஓடும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் போய்விடும். கொஞ்சம் கெட்டியாக இருப்பது மெதுவாக நகர்ந்து, தொண்டைக்கு நேரம் கொடுக்கும். ஆனால் நாக்கு பலமில்லாதவருக்கோ எச்சில் வற்றியவருக்கோ ரொம்பக் கெட்டியானது தொண்டையில் ஒட்டி நின்றுவிடும். எது சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

உலகம் முழுக்க இதற்கு ஐடிடிஎஸ்ஐ என்ற ஒரே அளவுகோல் உள்ளது. தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. இடையில் கூழ், மசியல், சிறு துண்டு என்று படிகள். பானங்களைச் சோதிக்க 10 மில்லி சிரிஞ்சே போதும். பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி விட வேண்டும். 1 மில்லிக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் அது தண்ணீர் ரகம். 1 முதல் 4 மில்லி நின்றால் முதல் படி, 4 முதல் 8 வரை இரண்டாம் படி, 8க்கு மேல் நின்றால் மூன்றாம் படி. துளிகூட இறங்கவில்லை என்றால் நான்கு. ஒரு விஷயம், எல்லா கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. 0 முதல் 10 வரை அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் சிரிஞ்சுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

சரி, நம் வீட்டுச் சமையலில் இது எப்படி? கேழ்வரகுக் கூழ் கட்டியில்லாமல் காய்ச்சினால் நல்ல தேர்வு. அதே கூழில் நொய் போட்டால் கதை வேறு. பழைய சோறும் நீராகாரமும் கடலுக்குப் போகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது மிகவும் கடினமான உணவுகளில் ஒன்று. பருக்கையும் தண்ணீரும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் நகரும். பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் தொண்டைக்குள் நழுவிவிடும். மிக்ஸியில் தயிரோடு சேர்த்து ஒரே பதமாக அரைத்தால் அதே பழைய சோற்றைச் சாப்பிடலாம். ரசம் சோறுக்கும் இதே விதிதான்.

இட்லி மெத்தென்று இருந்தாலும் வாயில் உதிரும். எச்சில் இல்லாதவருக்கு அந்தத் தூள் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாம்பாரில் நன்றாக ஊறவைத்து மசித்துக் கொடுக்க வேண்டும்.

மீன் இல்லாமல் கடலோர வீட்டில் சாப்பாடு இல்லை. மீன் நல்ல புரதம், இளைத்த உடம்புக்குத் தேவையும்கூட. ஆனால் கதிர் பட்ட தொண்டையில் முள் குத்தினால் உறைக்காமல் போகலாம். பொடி முள் நிறைந்த மத்தி, நெத்திலி இப்போதைக்கு வேண்டாம். வஞ்சிரம் போல நடுமுள்ளைத் தனியாக எடுக்க முடிகிற மீனை விரலால் தடவிப் பார்த்து மசிக்கலாம். சுறா புட்டு முள் இல்லாதது, ஆனால் காய்ந்த தூளாக இருப்பதால் தொண்டையில் சிதறும். காரம் இல்லாத குழம்பையோ தேங்காய்ப்பாலையோ ஊற்றி ஈரமாகப் பிசைந்தால் சரியாகும். மிளகாயும் புளியும் புண் ஆறும்வரை தள்ளியே இருக்கட்டும்.

கடையில் விற்கும் கெட்டியாக்கும் பவுடர் வாங்க முடியாதவர்கள் ஆரோரூட் மாவு, அரிசி மாவு, ஜவ்வரிசியைக் காய்ச்சிப் பயன்படுத்தலாம். மாவுச்சத்தை எச்சில் கரைத்துவிடும் என்பதால், எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பது நல்லது.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், சாய்ந்தோ படுத்தோ கூடாது. டிவி பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு சாப்பிடுவதும் இப்போதைக்கு வேண்டாம். முடித்த பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாயைச் சுத்தமாக வைத்திருப்பது நுரையீரலையும் காக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு போட்டு அடிக்கடி கொப்பளித்துத் துப்பலாம்.

டியூப் போட்டால் எல்லாம் முடிந்ததா?

மூக்கு வழியாகப் போடும் டியூப், அல்லது வயிற்றில் சிறு துளையிட்டு நேராகப் போடும் டியூப். இரண்டுமே பலருக்குத் தற்காலிக ஏற்பாடுதான். எடை வேகமாகக் குறையும்போது டியூப் உயிர் காக்கும். ஆனால் டியூப் இருக்கிறதே என்று விழுங்குவதையே விட்டுவிட்டால் தசைகள் வேலையை மறக்கும். மருத்துவர் அனுமதித்தால் டியூப் இருக்கும்போதே வாய் வழியாகவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும், அது முடியாவிட்டால் எச்சிலையாவது பயிற்சியாக விழுங்க வேண்டும்.

டியூப் வழியாகக் கொடுக்கும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். டியூப் வெளியே நழுவி வந்திருந்தால் வீட்டில் தள்ளிவிட்டு ஊட்டக்கூடாது. அது மூச்சுக்குழாயில் இருக்கலாம்.

கழுத்தில் துளை உள்ளவர் கடலுக்குப் போகலாமா?

மீனவ கிராமத்தில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி இது. குரல்வளையை முழுதாக எடுத்தவர்களுக்கு மூச்சு கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான். சோற்றுக்கும் காற்றுக்கும் வழி பிரிந்துவிடுவதால் புரையேறும் பயம் அவர்களுக்கு அநேகமாக இல்லை. ஆனால் துளைக்குள் தண்ணீர் போனால் நேராக நுரையீரல்தான். வாயையும் மூக்கையும் மூடித் தப்பிக்க முடியாது. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் படகு கவிழ்ந்தால், அலையில் விழுந்தால் சில நொடிகள்தான். அலை தெறிக்கும் ஃபைபர் போட்டில் போவதும் முகத்துவாரத்தில் இறங்கி வலை இழுப்பதும் இவர்களுக்கு உயிராபத்து.

அதாவது குரலோடு சேர்த்துத் தொழிலும் போகிறது. தெருத்தெருவாகக் கூவி மீன் விற்கும் பெண்ணுக்கோ குரலே முதல். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து போடும் முன்பே இதைப் பேச வேண்டும். வலை பின்னுவது, ஏலக் கணக்கு பார்ப்பது என்று கரையில் என்ன வேலை செய்யலாம், பேச்சுக்கு வால்வு வைக்கலாமா, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி வாங்கலாமா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது?

டார்ஸ் ஆய்வில் சொன்ன மதிப்பெண், எம்.டி. ஆண்டர்சன் மையம் உருவாக்கி 2001ல் வெளியான 20 கேள்விகள் கொண்ட படிவத்தில் இருந்து வருவது. 20 மிக மோசம், 100 நல்ல நிலை. சுமார் 10 புள்ளி வித்தியாசம் இருந்தால் நோயாளிகளின் வாழ்க்கையில் அது தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். (அந்தக் கணக்கில் பார்த்தால் டார்ஸின் 7 புள்ளி கொஞ்சம் குறைவுதான்.) அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் தொண்டையைப் பற்றியவை அல்ல. மற்றவர் முன்னால் சாப்பிட வெட்கமாக இருக்கிறதா, வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா, உங்களுக்குச் சமைப்பது வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரமமா என்கிற மாதிரிக் கேள்விகள்.

இதை எந்தப் படிவமும் இல்லாமல் ஊரிலேயே பார்க்கலாம். கல்யாணப் பந்தியில் உட்கார மாட்டார்கள். கருமாதிச் சாப்பாட்டுக்கு, கோயில் கூழுக்கு, 'நீங்க போய்ட்டு வாங்க' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாயோரம் வழிவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. மனைவிக்கோ மகளுக்கோ தனிச் சமையல், அரைக்கிற வேலை, கூடவே ஒரு குற்ற உணர்வு: இவர் முன்னால் மீன் வறுக்கலாமா? மனச்சோர்வு வந்தால் பயிற்சி நிற்கும், பயிற்சி நின்றால் விழுங்குவது மோசமாகும். மனநல ஆலோசனையும் இந்த சிகிச்சையில் ஒரு பகுதி என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

சோர்வுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கழுத்தில் கதிர் பட்டால் தைராய்டு குறையலாம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், மறந்துவிடக்கூடாது.

எங்கே போவது, சான்றிதழ் கிடைக்குமா?

பனித்திட்டு, நரம்பை, மூர்த்திகுப்பம் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கடலூர் சாலையிலேயே கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியும், பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கோரிமேட்டில் ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. எங்கே சிகிச்சை எடுத்தாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ ரேடியேஷன் பிரிவிலோ 'விழுங்கும் பயிற்சி கொடுக்கிறவரைப் பார்க்கணும்' என்று நோயாளி தரப்பில் இருந்தே கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற ரேடியேஷன் சீட்டு, மாத எடையை எழுதிய நோட்டு ஆகியவற்றை எடுத்துப் போனால் வேலை சுலபமாகும். ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வருவது என்றால் ஒரு நாள் கூலி போகும். அதனால் எந்தப் பயிற்சியை வீட்டில் எத்தனை முறை செய்வது என்று செல்போனில் வீடியோவாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதில் தவறில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அதில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற வகையில், குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரப் பேச்சிழப்பு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் அரசு மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்குப் பிறகு சான்றிதழும், மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டையும் பெற விண்ணப்பிக்கலாம். ஆனால் விழுங்க முடியாமை அந்த 21ல் தனி வகையாக இல்லை. வருடக்கணக்கில் டியூபிலேயே இருப்பவர்கூட, பேச்சிலோ வேறு வகையிலோ குறைபாடு இருந்தால்தான் அந்தக் கணக்கில் வருகிறார்.